ஹோபே பௌதி

கல்கத்தாவில் நான் இருந்த காலத்தில் காதில் அதிகம் விழுந்த வார்த்தை ‘ஹோபே நா’. ஆகாது என்று அர்த்தம். பிளம்பர் சொல்வார், தையல்காரர் சொல்வார், குரியர்காரர் வாசலில் நின்றுகொண்டே சொல்வார். சொல்கிறவர் முகத்தில் வருத்தமும் இருக்காது, கோபமும் இருக்காது. சாயங்காலம் மழை வரும் என்பதுபோலச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஈரோட்டிலிருந்து போன எனக்கு ஆரம்பத்தில் அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பிறகு நானும் டீ குடிக்கப் பழகிவிட்டேன்.

கடைசிவரை பழகாத ஒரே ஆள் என் கீழ்வீட்டு அக்கா. இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்ததே அந்த ஊரில்தான். யார் ‘ஹோபே நா’ என்றாலும், ஒரு எழுத்து கூட்டாமல் ‘ஹோபே’ என்பார். ஆகும். அவ்வளவுதான் பதில். பிறகு அது ஆகும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். சால்ட் லேக்கில் எங்கள் பிளாக் முழுக்க அவருக்கு ‘ஹோபே பௌதி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பௌதி என்றால் அண்ணி. அக்காவுக்கும் இது தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தாத்தா காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அக்கா மதுரையைப் பார்த்தது கல்யாணங்களுக்குப் போனபோது மட்டும்தான். ஆனாலும் வீட்டில் பேசுவது மதுரைத் தமிழ். எண்ணுவது வங்காளத்தில், திட்டுவது தமிழில், ஆபீஸ் போனில் ஆங்கிலம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான உருவம், புடவையை எப்போதும் இழுத்துச் செருகியிருப்பார். வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதுகூட அடுப்படியில் நின்றபடிதான்.

நான் மாடிக்குக் குடிவந்த புதிதில் குளியலறைக் குழாய் சொட்டியது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். எப்படித்தான் தெரிந்ததோ, அக்கா கையில் ஸ்பானரோடு மாடியேறி வந்தார்.

“தள்ளிக்க தம்பி.”

திருகினார். குழாய் அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகினார்.

“விட்டுருங்கக்கா. பக்கெட் வெச்சுக்கறேன்” என்றேன்.

“விடுறதா?” என்று திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அடுத்த திருகலில் குழாய் சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் எதிர்ச்சுவர்வரை பீய்ச்சியடித்தது. அக்கா சொட்டச் சொட்ட மொட்டைமாடிக்கு ஓடி வால்வை மூடினார். அன்று இருட்டுவதற்குள் சுவரைக் கொத்திப் புதுக்குழாயும் போட்டுக்கொடுத்தார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அன்றே ஒன்று விளங்கிவிட்டது. இந்த அம்மாவுக்கு ஒரு வேலையைத் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியும், நடுவில் நிறுத்த மட்டும் தெரியாது.

கீழே வராந்தாவிலிருந்து அவர் கணவரின் குரல் வந்தது. “தம்பி, அவ கைக்கு எட்டுற மாதிரி வேற எதையும் வெளியில வெக்காத.”

அவரை நான் சார் என்று கூப்பிடுவேன். ஒரு கம்பெனியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு வேலையை விட்டுவிட்டார். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் அறுவை செய்திருந்ததால் அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வதுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. அதை அவர் நன்றாகவே செய்தார்.

மருத்துவமனையில் முதலில் அவருக்கு மதிய நேரத்தைத்தான் ஒதுக்கினார்கள். மதியம் போனால் அக்காவின் ஆபீஸ் கெட்டுவிடும். காலை முதல் ஷிஃப்ட் வேண்டும் என்று கேட்டார். ஹோபே நா என்றார்கள். அக்கா கவுன்டர் முன்னால் போய் நின்றார். சத்தம் போடவில்லை, கெஞ்சவுமில்லை. மறுநாளும் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசியில் அங்கிருந்தவர்களே வெறுத்துப்போய்க் காலை ஷிஃப்டைக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரே ஹோபே நா என்றால் ஹோபே என்கிற இந்த மனுஷி, சார் ஒரு மடக்கு டீ கூடக் கேட்டால் ஹோபே நா என்பார். டயாலிசிஸ் செய்கிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு சின்ன டம்ளர் வைத்திருந்தார். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. அக்கா ஆபீஸ் போனபிறகு சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். நான் கவனிக்காத மாதிரி மாடியேறிவிடுவேன். அக்காவிடம் எனக்குப் பயம் என்பதை மறைப்பானேன்.

அவர்களிடம் பழைய டர்போ டீசல் கார் ஒன்று இருந்தது. சார் நன்றாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதன் அடியில் படுத்துக் கிடப்பாராம். இப்போது அதை ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் அக்கா. மருத்துவமனைக்குப் போய்வருவது அதில்தான். ஒரு வருஷம் மகாளய அமாவாசைக்கு முந்தைய வாரம் எஞ்சினிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. பக்கத்து மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். மேனிஃபோல்டில் விரிசல் என்றார். எஞ்சினிலிருந்து வரும் சூடான புகையையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் அது.

“மாத்திரலாமா?” என்றார் அக்கா.

“புஜோர் பரே, பௌதி.”

பூஜைக்கு அப்புறம். துர்கா பூஜை நெருங்கிவிட்டால் அந்த ஊரில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, அவசரப்பட்டால் ஒன்று உள்ளேயே முறியும், முறிந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். அக்கா பழைய வண்டிச் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் அலைந்து அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய, விரிசல் இல்லாத மேனிஃபோல்டு ஒன்றை வாங்கிவந்து கராஜில் வைத்தார்.

சப்தமி அன்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் விரிசல் நன்றாகவே வாயைப் பிளந்துவிட்டது. வண்டி லாரி மாதிரி உறுமியது. புகை உள்ளே வந்தது. வீட்டுக்கு வந்து சார் வாந்தியெடுத்தார், தலைவலி என்று படுத்துவிட்டார். அடுத்த டயாலிசிஸ் தசமி காலை. இந்த வண்டியில் அவரை இனி ஏற்ற முடியாது.

வாடகைக் காரில் போகலாமே என்று வெளியாள் கேட்கலாம். முந்தைய வருஷம் தசமியன்று வண்டி கிளம்பாமல்போக, அப்படித்தான் நம்பி நின்றார்கள். புக் செய்த ஓட்டுநர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேன்சல் செய்தார்கள். போய்ச் சேர்வதற்குள் முறை போய்விட்டது. அன்றிரவு சாருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியது. அந்த இரவைப் பற்றி அக்கா வாயே திறந்ததில்லை. சார்தான் ஒருமுறை சொன்னார், “தரையில நின்னுக்கிட்டே மூழ்குற மாதிரி இருந்துச்சுய்யா.” ஆம்புலன்ஸ் என்ற பேச்சை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. படுத்துக்கொண்டு போவதற்கென்று ஒரு நாள் வரும், அதுவரைக்கும் உட்கார்ந்துதான் போவேன் என்பார்.

அஷ்டமி காலை அக்கா கராஜில் இறங்கினார். எனக்கும் ஆபீஸ் லீவு. டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. எதிர்ப் பூங்காவில் பந்தல். டாக் மேளமும் புஷ்பாஞ்சலி மந்திரமும் மைக்கில் வந்துகொண்டிருந்தன. சார் கராஜ் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அக்கா மேல்தகட்டைக் கழற்றினார், குழாய்களை எடுத்தார், டர்போவை விடுவித்தார். பிறகு மேனிஃபோல்டின் போல்ட்டுகள். எண்ணெய் விட்டு, நெருப்புக் காட்டி, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக வந்தது. சில முனகிக்கொண்டு வந்தன. ஒன்று வருவதற்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனது. அக்காவின் முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. நெற்றிப்பொட்டு இருந்த இடத்தில் கரி. எல்லாம் வந்தபிறகு ஒன்று மட்டும் மிஞ்சியது. டர்போவுக்குப் பின்னால், கை நுழையவே இடமில்லாத மூலையில். ஸ்பானரைக் கால் சுற்றுகூடச் சுற்ற முடியாது.

“மொதல்ல இறுக்குற பக்கம் துளியூண்டு திருப்பும்மா. அப்புறம் கழட்டு” என்றார் சார்.

“கழட்ட வந்துட்டு எதுக்குங்க இறுக்கணும்?”

“அது கொஞ்சம் எளகிக் குடுக்கும்.”

“நான் பாத்துக்கிறேன்.”

பொழுது சாய்ந்தது. போல்ட்டின் முனைகள் மழுங்க ஆரம்பித்திருந்தன. அக்கா எழுந்து போய், ஸ்பானரின் பிடியில் மாட்டிக்கொள்ள ஒரு நீளமான இரும்புக் குழாயை எடுத்துவந்தார். அதை மாட்டி இழுத்தால் ஆள்பலம் பல மடங்காகும். எனக்கு என் குளியலறை ஞாபகம் வந்துவிட்டது.

“அக்கா, அந்தக் கொழாய் ஞாபகம் இருக்குங்களா?”

“அது வேற, இது வேற.”

குழாயை மாட்டிவிட்டார். காலை ஊன்றிக்கொண்டார். அப்போது சார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“நாளைக்கு ஆயுத பூஜை. சாமானையெல்லாம் எடுத்துக் கழுவி வை.”

அக்கா இரும்புக் குழாயைப் பிடித்தபடியே நின்றார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க.”

“ஒண்ணுதானே. தசமி விடியக்காலையில எடுத்துக்க.”

நான் அக்கா வாயிலிருந்து அந்த ‘ஹோபே’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குழாயைக் கழற்றித் தரையில் வைத்தார். போல்ட்டைச் சுற்றி எண்ணெயை நிறைய விட்டார். ஒவ்வொரு ஸ்பானராகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஊர் மெக்கானிக்குகள் விஸ்வகர்மா பூஜை என்று செப்டம்பரிலேயே ஸ்பானருக்குப் பொட்டு வைத்துவிடுகிறார்கள். நம்மவர்கள் நவமியன்று மறுபடி வைக்கிறார்கள். கல்கத்தாவில் தமிழர் வீட்டு ஸ்பானருக்கு வருஷத்தில் இரண்டு லீவு. இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுஷன் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது என்ன லீவு வேண்டிக்கிடக்கிறது? நவமி முழுசாக ஒரு பகல். அதை வீணாக்கிவிட்டு, தசமி விடியற்காலையில் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டி, அதற்குப் பிறகு மேனிஃபோல்டைப் பூட்டி, எப்போது போய்ச் சேருவது?

மறுநாள் சுண்டலுக்குக் கூப்பிட்டார்கள். சாமி படங்களுக்குக் கீழே ஸ்பானர், சுத்தியல், டார்ச் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன. அந்த இரும்புக் குழாய்க்கும் ஒரு பொட்டு. பொரிக்குப் பதில் அந்த ஊர்ப் பொரியான முரி. பக்கத்தில் கொய்யாப்பழம். அக்கா சமையலறையில் இருந்தார். வராந்தாவில் சார் தனியாக இருந்தார். நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க சார், இது நல்லா இருக்குதுங்களா? நாளைக்கு அந்த போல்ட்டு வரலைன்னா என்ன பண்ணுவீங்க? சாமி கோவிச்சுக்கும்னுங்களா பயப்படறீங்க?”

சார் சிரித்தார். “சாமிகிட்ட எனக்கு அவ்வளவா பழக்கம் கெடையாதுய்யா.”

“அப்புறம் என்னத்துக்குங்க?”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவ எனக்காகத்தான் ஓடுறா. நான் மெஷின்ல கெடக்கும்போது ரிப்போர்ட் வாங்க ஓடுறா. அங்கிருந்து ஆபீஸுக்கு. வீட்டுக்கு வந்தா மருந்து, சமையல், வண்டி. எனக்காக ஓடி ஓடியே என் பக்கத்துல இல்லாமப் போயிட்டா. வருஷத்துல இந்த ஒரு நாள் மட்டும்தான் அவ கையில சாமான் இருக்காது. அன்னைக்கு மட்டும் உட்காருவா. இன்னும் எத்தன நவமி எனக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒரு போல்ட்டுக்காக அதை விட்டுக்குடுக்கச் சொல்றியா?”

“நாளைக்குக் கழலலைன்னா?” என்று மட்டும் கேட்டேன்.

“கழலும். அவ கழட்டிருவா.”

அக்கா வந்தார். கையில் ஒரே ஒரு டம்ளர் டீ. அதை இரண்டாகப் பகிர்ந்தார். சிறிய பங்கைச் சாரிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தார், பிறகு நாற்காலியின் கையில் வைத்தார். சார் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

அன்று பகலெல்லாம் மாடியிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். இருவரும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். பந்தலுக்குப் போகிறவர்களின் புதுப்புடவைகளைப் பற்றிச் சார் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்தார். மதியத்துக்குமேல் பார்த்தபோது அக்கா அவர் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளை நினைத்து எனக்குத்தான் கவலையே தவிர, அந்த மனிதர் முகத்தில் அது துளியும் இல்லை.

தசமியன்று விடியும் முன்பே கராஜில் விளக்கு எரிந்தது. நான் இறங்கிப் போனேன். குங்குமம் ஒட்டியிருந்த ஸ்பானரோடு அக்கா வண்டிக்கடியில் படுத்திருந்தார். இரும்புக் குழாய் பக்கத்தில் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்தினார். கையின் போக்கைப் பார்த்தேன்.

“அக்கா, இறுக்குற பக்கமாங்க திருப்பறீங்க?”

“பேசாம டார்ச்சைப் பிடி.”

கொஞ்சம் அந்தப் பக்கம். பிறகு கொஞ்சம் இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். ஒரு பகலும் இரண்டு இரவும் எண்ணெயில் ஊறியிருந்த போல்ட் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. அக்கா நிறுத்தினார். ஆமாம், அவராகவே நிறுத்தினார். கொஞ்சம் எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடி திருப்பினார். போல்ட் முழுசாகக் கையில் வந்து விழுந்தது. அதை ஒரு நொடி பார்த்துவிட்டு டப்பாவில் போட்டார்.

பிறகு மூச்சுவிட நேரமில்லை. புதுக் கேஸ்கட், மேனிஃபோல்டு, டர்போ, தகடு. எல்லாம் பூட்டி வண்டியைக் கிளப்பியபோது டக் டக் இல்லை. சார் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் தயாராக நின்றார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அவர்தான். தானாகவே ஏறி முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“என்னம்மா இது, சத்தமே காணோம். வண்டி ஓடுதா?”

“பெல்ட்டைப் போடுங்க.”

நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பூஜைக்காகத் தெருவெல்லாம் கட்டியிருந்த மூங்கில் வளைவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனோம். கொஞ்சம் தாமதம்தான். கவுன்டரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அக்கா கிரீஸ் அப்பிய இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். அந்த ஆள் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுச் சாரின் பேரைக் கூப்பிட்டார்.

மறு வருஷம் நான் ஈரோட்டுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாருக்கு அதற்குப் பிறகும் சில நவமிகள் கிடைத்தன. கடைசிவரை உட்கார்ந்துதான் போனார் என்று அக்கா சொன்னார்.

அவர் இல்லாத முதல் ஆயுத பூஜையன்று அக்காவுக்குப் போன் செய்தேன். சாதாரணமாக எடுத்ததும், “கையில வேலையா இருக்கேன் தம்பி, சட்டுன்னு சொல்லு” என்பார். அன்று அப்படிச் சொல்லவில்லை. பின்னால் டாக் மேளம் கேட்டது.

“சாமானெல்லாம் மேல வெச்சாச்சுங்களா?”

“வெச்சாச்சு.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“உட்கார்ந்திருக்கேன்.”

“அக்கா, அன்னைக்கு சார் என்கிட்ட ஒண்ணு சொன்னாருங்க” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். அடுப்படி சன்னல் வராந்தாவைப் பாத்துத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுனா எனக்குக் கேக்காதா?” என்றார். பிறகு, “கேக்காட்டியும் தெரியும் தம்பி. நான் மட்டும் என்ன சாமிக்காகவா வருஷா வருஷம் உட்கார்ந்தேன்?” என்றார்.

மேளச் சத்தத்துக்கு நடுவே அவரே தொடர்ந்தார்.

“ரெண்டு நாற்காலியும் வராந்தாவுலதான் போட்டிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. தனியா எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க பௌதி, எழுந்து பந்தலுக்கு வாங்கன்னு கையப் பிடிச்சு இழுத்தாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘ஹோபே நா’ன்னு சொல்லிட்டேன்.”